தெரிந்தது யாருக்கு?

(சி ரூசாவில், ஆலய மண்டபத்தில், ரத்த தான முகாமையொட்டி ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சென்ற வாரம் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, மண்டபத்துக்கு வெளியே ரத்த தான முகாம், உள்ளே உங்கள் பேச்சு. தலைப்பை நீங்களே சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்லக் கேட்டார்: "ரத்தம் கொடுக்க வருகிறவனிடம் போய் எச்.ஐ.வி., குற்றம், சிறை என்று பேசினால், வந்தவன் வந்த வழியே போய்விட மாட்டானா ஐயா?" நியாயமான பயம்தான். ஆனால் இதோ ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வரிசை கலையவில்லை. செயலாளரும் வரிசையில்தான் நிற்கிறார். சந்தோஷம்.

தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தே ஒருவர் ரத்தம் கொடுக்கிறார், அல்லது உடலின் திசுவைக் கொடுக்கிறார். சட்டம் அவரை என்ன செய்யும்? இதுதான் தலைப்பு. இந்தக் கேள்வியில் மருத்துவர் ரத்தத்தைப் பார்ப்பார், கிருமியைப் பார்ப்பார். நான் வழக்கறிஞன். என் கண் ஒரே ஒரு சொல்லில் போய் நிற்கிறது: 'தெரிந்தே'. யாருக்குத் தெரிந்தது? எப்போது தெரிந்தது? யார் சொல்லித் தெரிந்தது? இன்று முழுக்க இந்த ஒரு சொல்லைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கப் போகிறேன்.

முதலில் நம் மலேசிய நாட்டுச் சட்டம். தண்டனைச் சட்டத்தின் 269ஆம் பிரிவு சொல்கிறது: உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய ஒரு காரியத்தை, அது பரப்பும் என்று தெரிந்தோ, நம்புவதற்குக் காரணம் இருந்தோ, கவனக்குறைவாகச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. அடுத்த பிரிவு 270: அதையே வன்மத்தோடு செய்தால் இரண்டு ஆண்டு வரை. இதற்கு மேல் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். பெயர் நீளம். 'சட்டம் 342' என்றால் உடனே புரியும். கோவிட் காலத்தில் முகக்கவசம் போடாதவர் கையில் ஆயிரம் ரிங்கிட் அபராதச் சீட்டைத் திணித்தார்களே, அதே சட்டம். அதன் 12ஆம் பிரிவின்படி, தனக்குத் தொற்றுநோய் இருப்பதை அறிந்தவர் அதைப் பரப்பக்கூடிய எதையும் செய்யக் கூடாது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை. இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2020இல் கெடாவில் 'சிவகங்கா கொத்து' என்று கோவிட் பரவியது நினைவிருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பிய நாசி கண்டார் கடைக்காரர் ஒருவர், வீட்டுத் தனிமை உத்தரவை மீறிக் கடைக்குப் போனார். ஐந்து மாதச் சிறை, 12,000 ரிங்கிட் அபராதம். நோயைப் பரப்பினால் சிறைக்குப் போகலாம் என்பதை நம் மக்கள் அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இன்னும் கடுமை. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தே ரத்தம் கொடுத்தால் பத்து ஆண்டு வரை சிறை, 50,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த 269, 270 எங்கிருந்து வந்தன தெரியுமா? மெக்காலே 1837இல் வரைந்து வைத்தது இந்தியத் தண்டனைச் சட்டம். 1860இல் அது சட்டமானது. அதைப் பார்த்தே நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒரு சட்டம் எழுதி 1872இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது நெகிரி செம்பிலான் உட்பட மலாய் மாநிலங்களுக்கும் வந்தது. நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். சட்டமும் அதே கடலைத் தாண்டித்தான் வந்தது, எண்கூட மாறாமல். இதில் ஒரு வேடிக்கை. 2024 ஜூலை முதல் தேதி இந்தியா புதுச் சட்டம் கொண்டுவந்து, அந்தப் பிரிவுகளை 271, 272 என்று மாற்றிவிட்டது. நாம் பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரில் மறந்துபோன பாட்டையும் கூத்தையும் தோட்டத்தில் பொத்திப் பொத்திக் காப்பாற்றினோமே, அந்த மாதிரி!

அம்மையும் காலராவும் ஊரைத் தூக்கிப்போட்ட காலத்தில் எழுதிய வரிகள் அவை. எச்.ஐ.வி. என்ற சொல்லே அன்று இல்லை. மலேசியாவில் முதல் தொற்று 1986இல் தெரிந்தது. அதே ஆண்டு சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். புது நோய் வந்ததும் எல்லா நாட்டு வழக்கறிஞர்களும் பழைய பெட்டியைத் திறந்து, இதற்குப் பொருந்துமா, அதற்குப் பொருந்துமா என்று பிரிவுகளைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கனடாவில் பொருத்தினார்கள். 1987 நவம்பர், ஒட்டாவா நகரம். தார்ன்டன் என்பவர் செஞ்சிலுவைச் சங்கத்தில் ரத்தம் கொடுத்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது இரண்டு பரிசோதனைகளில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவருக்கே தெரியும்! செஞ்சிலுவைச் சங்கம் பரிசோதித்தது, பிடித்தது, பையை ஒதுக்கிவிட்டது. யாருக்கும் ஏறவில்லை. அப்படியானால் என்ன குற்றம்? 'பொதுத் தொல்லை' என்ற பழைய பிரிவில் வழக்குப் போட்டார்கள். பதினைந்து மாதச் சிறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1993இல் அங்கேயும் தோற்றார். இன்னொருவர் உடம்புக்குள் போகப்போகும் பொருளைக் கொடுக்கிறவருக்கு ஒரு கவனக் கடமை உண்டு, அதை மீறினால் யாரும் பாதிக்கப்படாவிட்டாலும் குற்றம்தான் என்பதே வழக்கின் சாரம். எனக்கு இதில் மறுப்பில்லை. கிணற்றில் விஷம் போட்டவன், 'நல்ல வேளை யாரும் தண்ணீர் எடுக்கவில்லை' என்று சொல்லித் தப்ப முடியுமா?

ஆனால் சபையோரே, உலகத்தில் தார்ன்டன்கள் எத்தனை பேர்? கிருமி ரத்தம் ஏறிய கதைகளில், தெரிந்தே கொடுத்தவன் கதை எத்தனை? பிரிட்டனில் அரசாங்க மருத்துவமனைகளில் அசுத்த ரத்தமும் ரத்தப் பொருள்களும் ஏறி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி.யும் ஹெப்படைட்டிஸ் சி-யும் வந்தன என்று 2024 மே மாதம் விசாரணை அறிக்கை வந்தது. பிரான்சில் ரத்த மையத்தின் தலைவராக இருந்த மிஷேல் கரெத்தாவையே 1992இல் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கேயெல்லாம் யாருக்குத் தெரிந்தது? படுத்துக் கை நீட்டியவனுக்கா, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கா?

வாருங்கள், நம் ஆட்கள் ஊருக்கே போவோம். தமிழ்நாட்டில் சாத்தூர்.

2018 நவம்பர் 30. பத்தொன்பது வயதுப் பையன். பெயர் வேண்டாம். உறவுக்காரப் பெண்ணுக்குத் தேவை என்று சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ரத்தம் கொடுக்கிறான். டிசம்பர் 3. சாத்தூர் அரசு மருத்துவமனையில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. ரத்தம் குறைவு என்று மருத்துவர் சொல்ல, சிவகாசியிலிருந்து வந்த பையை ஏற்றுகிறார்கள். 'பாதுகாப்பானது' என்ற முத்திரையோடு வந்த பை. அந்தப் பையனுக்கு வெளிநாட்டில் வேலைக்குப் போகும் எண்ணம். அதற்கு மருத்துவப் பரிசோதனை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபொமேமா பரிசோதனைக்கு ஆள்களைக் கூட்டிக்கொண்டு போகும் முதலாளிமார் இங்கே இருக்கிறீர்கள், அந்த வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முடிவு வந்தது. எச்.ஐ.வி.

அவன் என்ன செய்தான்? இங்கேதான் நான் உங்களை நிற்கச் சொல்கிறேன். ஓடவில்லை. ஒளியவில்லை. அந்த வயதில், அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்த வங்கிக்குத் தானே போய்ச் சொன்னான்: நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. செய்தி நாடெல்லாம் பரவியது. தொலைக்காட்சி முழுக்க அதே பேச்சு. டிசம்பர் முடிவதற்குள் அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனான்.

அப்புறம் ஒன்று வெளியே வந்தது. 2016இலேயே அவன் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறான். அப்போதே பரிசோதனையில் கிருமி தெரிந்திருக்கிறது. பதிவேட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குச் சொல்லவில்லை. கேட்டதற்கு, தொடர்புகொள்ள முடியவில்லை என்றார்கள். இரண்டு ஆண்டு! அந்த இரண்டு ஆண்டும் அவனுக்கு மருந்து இல்லை. எச்சரிக்கை இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மறுபடியும் கை நீட்டியிருக்கிறான்.

இப்போது 269ஆம் பிரிவை எடுத்து அந்தச் சம்பவத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 'தெரிந்தோ, நம்புவதற்குக் காரணம் இருந்தோ, கவனக்குறைவாக...' யாருக்கு நம்புவதற்குக் காரணம் இருந்தது? பையனுக்கா, பதிவேடு வைத்திருந்தவர்களுக்கா? சட்டத்தை எழுதியவர் கொடுக்கிறவனைத்தான் மனத்தில் வைத்து எழுதினார் என்று நாம் நினைக்கிறோம். வரியை நிறுத்திப் படியுங்கள். அந்த வரி பையனைவிட ரத்த வங்கியின் மேல்தான் கச்சிதமாக உட்கார்கிறது. என்ன நடந்தது? ஆய்வுக்கூட ஊழியர்கள் மேல் வேலை நடவடிக்கை எடுத்தார்கள். அந்தத் தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2019 ஜனவரியில் பிறந்த அவள் குழந்தைக்குத் தொற்று இல்லை. கேட்டு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்தத் தாய்க்கு அது போதுமா என்று கேட்காதீர்கள்.

சாத்தூரில் சொல்ல வேண்டியவனிடம் சொல்லவில்லை. இதற்கு நேர் எதிர்க்கதை ஒன்று, அதுவும் தமிழ்நாட்டிலேயே, சாத்தூருக்கு இருபது ஆண்டுக்கும் முன்னால் நடந்தது. சட்டம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கு. தீர்ப்பில் பெயரே இல்லை. 'மிஸ்டர் எக்ஸ்', 'ஹாஸ்பிட்டல் இசட்'. நாகாலாந்து மருத்துவர் ஒருவர், சென்னையில் சிகிச்சை பெற்ற நோயாளி ஒருவருக்கு ரத்தம் கொடுக்க வந்தார். பரிசோதித்தார்கள், எச்.ஐ.வி. என்று தெரிந்தது. ரத்தம் ஏற்றவில்லை, சரி. ஆனால் செய்தி வெளியே போயிற்று. அவருக்கு 1995 டிசம்பரில் கல்யாணம் நிச்சயித்திருந்தது. நின்றது. சொந்த ஊரில் தலைகாட்ட முடியவில்லை. ஊரை விட்டே சென்னைக்கு வந்துவிட்டார். என் ரகசியத்தை வெளியே விட்டது தப்பு என்று வழக்குப் போட்டார். 1998இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கட்டிக்கொள்ள இருந்த பெண்ணின் உயிரும் பெரிதுதானே என்றது. அது சரி. ஆனால் அதோடு நிற்காமல் நம்முடைய அதே 269, 270ஐ எடுத்து மேசைமேல் வைத்து, இப்படிப்பட்டவருக்குக் கல்யாண உரிமையே நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்ற அளவுக்குப் போய்விட்டது. 2002இல் அந்தக் கல்யாணப் பேச்சைத் திரும்பப் பெற்றது வேறு விஷயம்.

கவனித்தீர்களா? அந்த மனிதருக்குத் தெரியாது. தெரியாமல்தான் கை நீட்டினார். ஒரு துளி ரத்தமும் யாருக்கும் போகவில்லை. அவரைப் பற்றிய தீர்ப்பில் 'தெரிந்தே பரப்புகிறவன்' பிரிவு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவனிடம் சொல்லவே இல்லை, இன்னொருவனைப் பற்றி ஊருக்கே சொன்னார்கள். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம், ரத்தம் கொடுக்கப் போனார்கள். சம்மதம் இல்லாமல் நோய்ச் செய்தியை வெளியே விடக் கூடாது என்று இந்தியாவில் 2017இல் தனிச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. மூன்று மாதம் முடிவதற்குள் சாத்தூர்.

ஊர்ப் பேச்சு என்றால் என்ன என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நிப்பா! உலகம் முழுக்க மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் அந்தப் பெயர், நம் போர்ட்டிக்சன் மாவட்டத்து சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது புதுக் கிருமி என்று கண்டுபிடித்தார். நாடு முழுக்க 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகள் அளவுக்குக் கொன்று புதைத்தார்கள். அந்த மாதங்களில், நோய் பரவிய புக்கிட் பெலாண்டோக் ஆள் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரத் தயங்கியவர்களை நான் பார்த்தேன். யாரையோ சொல்வானேன், நானும் ஒரு நாள் எழுந்து முன் இருக்கைக்குப் போனேன். அந்தப் பெரியவர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

அந்த முகம் தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்துதான் மனிதன் பொய் சொல்கிறான். கம்பெனியில் முகாம் போடுகிறார்கள். மேனேஜர் முதல் ஆளாகப் படுத்துக் கொடுத்துவிட்டார். கூட்டாளிகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், 'வாடா, ஊசிக்குப் பயமா?' தனக்குத் தொற்று இருப்பது தெரிந்தவன் அங்கே என்ன காரணம் சொல்வான்? படிவத்தில் 'இல்லை', 'இல்லை' என்று வரிசையாகக் கோடு போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறான். இன்னொரு வகையும் உண்டு. தனக்கு இருக்கிறதா என்ற சந்தேகம். கிளினிக்கில் போய்க் கேட்க வெட்கம். ரத்தம் கொடுத்தால் இலவசமாகப் பார்த்துச் சொல்லிவிடுவார்களே என்று வருகிறான். தயவுசெய்து கேளுங்கள், இது ஆபத்து. கிருமி உடம்புக்குள் நுழைந்தவுடன் பரிசோதனையில் தெரிந்துவிடாது. பழைய முறையில் மூன்று வாரம்போல ஆகும். கிருமியின் மரபுப்பொருளையே தேடும் 'நாட்' பரிசோதனையிலும் பத்து நாள்போல ஆகும். அந்த இடைவெளியில் கொடுத்த ரத்தம் 'சுத்தம்' என்றே போகும். சோதித்துக்கொள்ள வேண்டுமா? அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.

இப்போது எனக்கு எதிராக நானே ஒரு வாதம் வைக்கிறேன். 'எல்லா ரத்தத்தையும்தான் பரிசோதிக்கிறார்களே, அப்புறம் கொடுத்தவனுக்குச் சிறை எதற்கு?' என்று கலிபோர்னியாவில் கேட்டார்கள். தெரிந்தே கொடுத்தால் ஆறு ஆண்டு வரை சிறை என்று அங்கே ஒரு பிரிவு இருந்தது. 2017இல் அதை எடுத்தேவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி. மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் ரத்தத்தில் கிருமி மிக மிகக் குறைந்துவிடும். அது அவருக்கு நல்லது, துணைக்கும் நல்லது. பரிசோதனைக் கருவியை மட்டும் அது ஏமாற்றிவிடலாம். அதனால் மருந்தில் இருப்பவர் ரத்தம் கொடுக்கவே கூடாது. அவர் மறைத்துக் கொடுத்தால் கருவி பிடிக்காமல் போகலாம். ஆகவே சட்டம் இருக்கட்டும் என்பதே என் கட்சி. மூடனுக்கு 269உம் வன்மக்காரனுக்கு 270உம் இருக்கட்டும்.

ஆனால் 'தெரிந்தே கொடுப்பது' எப்போதும் குற்றமா? அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தே ரத்தமோ திசுவோ உறுப்போ கொடுத்தால் பத்து ஆண்டு வரை சிறை. இதற்கிடையில், 2008இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் எல்மி முல்லர், எச்.ஐ.வி.யோடு இறந்தவர்களின் சிறுநீரகங்களை எச்.ஐ.வி. உள்ள நோயாளிகளுக்கே வைத்தார். பிழைத்தார்கள். அமெரிக்காவும் 2013இல் ஹோப் சட்டம் கொண்டுவந்து, அந்தக் குற்றப் பிரிவில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. 2019 மார்ச்சில் பால்டிமோரில் நீனா மார்ட்டினெஸ் என்ற பெண் அந்தக் கதவு வழியாக உள்ளே போனார். எச்.ஐ.வி. உள்ள ஒருவர், உயிரோடு இருக்கும்போதே, எச்.ஐ.வி. உள்ள இன்னொருவருக்குச் சிறுநீரகம் கொடுத்தார். அவருக்கு எப்படித் தொற்று வந்தது தெரியுமா? கைக்குழந்தையாக இருந்தபோது ஏற்றிய ரத்தத்தில் வந்தது! அவருக்குத் தெரியும். வாங்கியவருக்குத் தெரியும். மருத்துவருக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தார். நான் முதலில் சொன்ன அதே 'தெரிந்தே'.

நேரம் ஆகிவிட்டது. வெளியே நர்ஸம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

என் அப்பா இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஆஸ்பத்திரி டிரஸராக இருந்தார். அப்போது எச்.ஐ.வி. இல்லை, சயரோகம் இருந்தது. அதுவும் அன்றைக்கு வெளியே சொல்லக் கூடாத வியாதிதான். லயத்தில் ஒருவனுக்கு என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாய்க்கு வர மாட்டாள். சிரம்பானிலிருந்து முடிவு வந்த அன்று அப்பா பெரட்டில் வைத்துச் சொல்ல மாட்டார், கிராணியிடம் சொல்லி அனுப்ப மாட்டார். பொழுது சாயட்டும் என்று காத்திருந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்பக்கமாகப் போவார். ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, கோழிக்கூட்டுப் பக்கம் குந்தி உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். 'ஐயாவுக்கு என்ன, கோழி வாங்க வந்தாரா?' என்று கேட்பார்கள். 'ஆமா' என்பார்.

தோட்டத்தை விற்று ஆஸ்பத்திரியை மூடியபோது பதிவேடுகளை அள்ளிப் போட ஆளில்லாமல் ஒரு பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா காலமான பிறகுதான் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. அம்மாவிடம் கேட்டேன். 'சொல்லியாச்சுன்னு அர்த்தம்டா' என்றார். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் புள்ளியைக் காணோம். அப்பாவின் கையெழுத்தில், 'லாபு பக்கம் மாறிப் போய்விட்டான்' என்று எழுதியிருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். மூன்று வாரம் கழித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி, போக வர பஸ் கட்டணம், அதே பெயர், அதற்கு எதிரே சிவப்புப் புள்ளி.